பாலர் மேடையின் ஆசான்

நுழையும்முன்

எழுத்தறியாத மக்களுக்கும் பள்ளி வாசலை மிதிக்காத சிறுவர்களுக்கும் தமிழைக் கொண்டு சேர்த்த இடங்களுள் நாடக மேடையும் ஒன்று. கண்ணால் காணவும் காதால் கேட்கவும் நெஞ்சில் நிறுத்தவும் ஏற்ற வகையில் இலக்கியத்தையும் அறத்தையும் அது வழங்கியது. அம்மேடையைச் சிறுவர்களுக்குரிய ஒரு பள்ளியாகவே ஆக்கிக் காட்டியவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். அவர்தம் வாழ்வையும் பணியையும் எடுத்துரைக்கிறது இப்பாடம்.

கரிசல் மண்ணில் ஒலிக்கும் குரல்

சாத்தூர், சிவகாசி, விருதுநகர் வட்டாரத்துக் கரிசல் ஊர்களில் பங்குனி, சித்திரை மாதங்கள் அம்மன் கோயில் பொங்கல் விழாக்களுக்கு உரியவை. அவ்விழாக்களின்போது பல ஊர்களில் ஓர் இரவு நாடகத்திற்கென ஒதுக்கப்படுவது வழக்கம். பெரும்பாலும் அது வள்ளி திருமணமாகவோ பவளக்கொடியாகவோ சத்தியவான் சாவித்திரியாகவோ இருக்கும். முருகனாக நடிப்பவர் ஓர் ஊரிலிருந்தும் வள்ளியாக நடிப்பவர் வேறோர் ஊரிலிருந்தும் ஆர்மோனியம் வாசிப்பவர் மற்றோர் ஊரிலிருந்தும் வந்து சேர்வர். அவர்கள் கூடி ஒத்திகை பார்ப்பதில்லை. ஒருவரையொருவர் அன்றுதான் முதன்முதலாகச் சந்திப்பதும் உண்டு. ஆயினும் இரவு பத்து மணியளவில் தொடங்கும் நாடகம் விடியும்வரை தட்டின்றி நடக்கும்.

இது எவ்வாறு இயலுகிறது? அவர்கள் அனைவரும் ஒரே ஆசிரியரின் பாடத்தைக் கற்றவர்கள் என்பதே காரணம். ஸ்பெஷல் நாடகம் என்று மக்கள் வழங்கும் இந்நாடக மரபின் பாட்டும் உரையாடலும் பெரும்பகுதி சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றியவை. அவர் மறைந்து நூறாண்டுகள் கடந்துவிட்டன. ஆனால், அவர் எழுதிய சொற்கள் இன்றும் ஊர்ப் பொட்டல்களில் உயிரோடு நடமாடுகின்றன. அச்சொற்களை அவர் முதலில் யாருக்குக் கற்பித்தார், எவ்வாறு கற்பித்தார் என்பதை அறிவது தமிழ் நாடகத்தின் வரலாற்றை அறிவது மட்டுமன்று. கல்வி என்பது என்ன என்பதைப் பற்றிச் சிந்திப்பதும் ஆகும்.

பிறப்பும் இளமையும்

சங்கரதாஸ் சுவாமிகள் 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பெற்றோர் தாமோதரக் கணக்கப்பிள்ளையும் பேச்சியம்மாளும் ஆவர். அவருக்கு இட்ட பெயர் சங்கரன். தந்தையார் இராமாயணச் சொற்பொழிவில் வல்லவர். இராமாயணப் புலவர் என்று ஊரார் போற்றும் அளவிற்குப் புலமை பெற்றவர். எனவே, சங்கரனின் முதல் பள்ளி வீட்டுத் திண்ணையாகவும் முதல் ஆசிரியர் தந்தையாராகவும் அமைந்தனர். செய்யுளைக் கேட்டு, மனத்தில் பதித்து, பொருளுணர்ந்து, இசையோடு திருப்பிச் சொல்லும் பயிற்சி அவருக்கு இளமையிலேயே வாய்த்தது. பிற்காலத்தில் அவர் சிறுவர்களுக்குக் கற்பித்த முறையின் வித்து இங்கேதான் விழுந்தது.

தந்தையாரிடம் கற்ற பின்னர், வண்ணச்சரபம் என்று சிறப்பிக்கப்பெற்ற பழநி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் இலக்கிய, இலக்கணங்களைப் பயின்றார். சந்தப் பாக்களில் ஈடு இணையற்ற அப்புலவரிடம் பெற்ற பயிற்சி, எத்தகைய மெட்டுக்கும் இலக்கணம் வழுவாமல் பாட்டுப் புனையும் ஆற்றலைச் சங்கரதாசருக்கு அளித்தது. வெண்பா, கலித்துறை, விருத்தம், சிந்து, வண்ணம், கீர்த்தனை எனப் பலவகைப் பாக்களையும் அவருடைய நாடகங்களில் காணலாம்.

புலமை வயிற்றை நிரப்பவில்லை. தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் சில காலம் கணக்கராகப் பணியாற்றினார். நாள்தோறும் உப்பு மூட்டைகளுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அவருடைய உள்ளம் பாட்டிலும் கூத்திலும் தோய்ந்திருந்தது. 24ஆம் வயதில் அவ்வேலையை விடுத்து நாடகத்தில் சேர்ந்தார்.

1891ஆம் ஆண்டின் சிறப்பு

சங்கரதாசர் நாடகத்துறையில் அடியெடுத்துவைத்த 1891ஆம் ஆண்டு தமிழ் நாடக வரலாற்றில் குறிப்பிடத்தக்கதாகும். அவ்வாண்டில்தான் பேராசிரியர் பெ. சுந்தரனார் இயற்றிய மனோன்மணீயம் வெளிவந்தது. சென்னையில் பம்மல் சம்பந்தனார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்ததும் அவ்வாண்டிலேயே ஆகும். மனோன்மணீயம் கற்றோர் படித்து மகிழ்வதற்குரிய செய்யுள் நாடகம். சுகுண விலாச சபையோ வழக்கறிஞர்களும் அலுவலர்களும் தங்கள் தொழில்போக ஓய்வு நேரத்தில் நடித்த பயில்முறைக் குழு.

சங்கரதாசர் சேர்ந்த உலகம் இவ்விரண்டிலும் வேறுபட்டது. அது நாடகத்தையே பிழைப்பாகக் கொண்ட தொழில்முறைக் குழுக்களின் உலகம். நடிப்பவர் பலர் எழுத்தறியாதவர். காண்பவருள்ளும் பெரும்பாலோர் எழுத்தறியாதவரே. நாடகக்காரர்களைக் கூத்தாடிகள் என்று இகழ்ந்து, குடியிருக்க வீடு கொடுக்கவும் தயங்கிய காலம் அது. மேடையிலோ ஒழுங்கு குறைவு. கதைப்போக்கு மட்டுமே வரையறுக்கப்பட்டிருக்கும். உரையாடலை நடிகர்கள் தம் விருப்பம்போல் இட்டுக்கட்டிக்கொள்வர். ஒருவரை ஒருவர் மடக்கும் வாதப்போட்டியாக நாடகம் திசைமாறிப் போவதும் உண்டு. நல்ல தமிழை இவ்வுலகத்திற்குள் கொண்டுவர வேண்டும் என்னும் வேட்கையோடு சங்கரதாசர் அங்கே நுழைந்தார்.

அச்சமூட்டிய நடிகர்

தொடக்கத்தில் அவர் நடிகராகவும் ஆசிரியராகவும் விளங்கினார். எமன், சனீசுவரன், இரணியன், இராவணன் முதலான வேடங்களில் அவருக்கு நிகரில்லை என்று கூறுவர். ஓங்கிய குரலும் சினம் பொங்கும் பார்வையும் காண்போரை நடுங்கச் செய்தன. அவர் எமன் வேடத்தில் மேடைமீது பாய்ந்து வந்த காட்சியைக் கண்டு அஞ்சிய கருவுற்ற பெண்ணொருத்தி தன் கருவை இழந்தாள் என்றும், சனீசுவரன் வேடத்தைக் கலைப்பதற்காக விடியற்காலையில் நீர்த்துறைக்குச் சென்ற அவரைக் கண்ட பெண்ணொருத்தி அச்சத்தால் உயிர் துறந்தாள் என்றும் நாடக உலகில் வழிவழியாகக் கூறப்படுகிறது.

பிற நடிகர்கள் இத்தகைய நிகழ்ச்சிகளைத் தம் நடிப்பின் வெற்றியாகக் கருதிப் பெருமை கொண்டிருக்கலாம். சங்கரதாசரோ மனம் நொந்தார். மக்களை நல்வழிப்படுத்த வேண்டிய கலை ஓர் உயிருக்கு ஊறு செய்வதா என்னும் வினா அவரை வாட்டியது. அன்றுமுதல் வேடம் புனைவதைத் தவிர்த்து, எழுதுவதையும் பயிற்றுவிப்பதையும் தம் பணியாகக் கொண்டார் என்பர். இம்மரபுச் செய்தி அவருடைய வாழ்வின் திருப்பத்தை நன்கு உணர்த்துகிறது. நடிகர் விலகினார், ஆசிரியர் பிறந்தார்.

துறவும் மீள்வும்

சில காலம் நாடகத்தை விட்டே விலகித் துறவு வாழ்வை நாடினார். திருத்தலங்கள்தோறும் சென்று வழிபட்டார். மணம் செய்துகொள்ளாமல் துறவியைப்போல் வாழ்ந்த அவரை மக்கள் சுவாமிகள் என்று அழைக்கத் தொடங்கினர். அப்பெயரே நிலைத்தது.

அலைந்து திரிந்த அவரை நிலைகொள்ளச் செய்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. கஞ்சிரா என்னும் இசைக்கருவியை இசையரங்கில் ஏற்றிய பெருமைக்குரிய அவர், சுவாமிகளைத் தம் மகனாகவே ஏற்றுக்கொண்டார். அவரிடம் சுவாமிகள் தாள நுட்பங்களைக் கற்றுத் தேர்ந்தார். தண்டபாணி சுவாமிகள் அளித்த சந்தமும் மான்பூண்டியா பிள்ளை அளித்த தாளமும் சுவாமிகளிடத்தில் ஒன்றுகூடின. இனி அவை செல்ல வேண்டிய இடம் மேடையே என்பதை அவரை அறிந்தோர் எடுத்துரைத்தனர். சுவாமிகள் மீண்டும் நாடக உலகிற்குத் திரும்பிப் பல குழுக்களில் ஆசிரியராக அமர்ந்தார்.

பாலர் சபை

வயதுவந்த நடிகர்களோடு பணியாற்றியபோது சுவாமிகள் பல இடர்களை எதிர்கொண்டார். எழுதிக்கொடுத்த உரையாடலைப் பேசாமல் வேறு பேசுவோர், குறித்த நேரத்திற்கு வாராதோர், மதுவுண்டு மேடையேறுவோர் எனப் பலரைக் கண்டு சலித்தார். முற்றிய மரத்தை வளைப்பது அரிது. இளங்கன்றைப் பழக்கலாம் என்று எண்ணினார். சிறுவர்களை மட்டுமே நடிகர்களாகக் கொண்ட பாலர் நாடகக் குழுக்களின்பால் அவர் கருத்துச் சென்றது இதனால்தான்.

1910ஆம் ஆண்டில் சமரச சன்மார்க்க நாடக சபையை நிறுவினார். பின்னாளில் இசையுலகை ஆட்கொண்ட எஸ்.ஜி. கிட்டப்பா சிறுவனாகப் பயிற்சி பெற்றது அச்சபையில்தான். 1918ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. சுவாமிகள் அதன் ஆசிரியராக விளங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் என்று பிற்காலத்தில் புகழ்பெற்ற டி.கே. சங்கரன், டி.கே. முத்துசாமி, டி.கே. சண்முகம் ஆகியோர் அச்சபையில் சேர்ந்தனர். சண்முகத்திற்கு அப்போது வயது ஆறு.

அக்காலச் சூழலை இங்கு நினைவுகூர வேண்டும். 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னை மாகாணத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட எழுத்தறிந்திருக்கவில்லை. சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் இயற்றப்பட்டது 1920ஆம் ஆண்டில்தான். ஏழைக் குடும்பத்துச் சிறுவனுக்குப் பள்ளி என்பது எட்டாக்கனி. மாடு மேய்ப்பதும் கூலி வேலைக்குச் செல்வதுமே அவன்முன் இருந்த வழிகள். மூன்று வேளை உணவு கிடைக்கும், சிறிது ஊதியமும் வீட்டுக்கு வரும் என்னும் நம்பிக்கையில்தான் பெற்றோர் பலர் தம் பிள்ளைகளை நாடகக் குழுவில் ஒப்படைத்தனர். கலையார்வத்தால் வந்தவர் சிலர். பசியால் வந்தவர் பலர்.

வாத்தியாரும் பாடமும்

நாடகக் குழுக்களில் பயிற்றுவிப்பவரை வாத்தியார் என்றும் நடிகர் மனனம் செய்ய வேண்டிய பகுதியைப் பாடம் என்றும் குறிப்பது வழக்கம். பள்ளிக்கூடத்திற்குரிய இச்சொற்கள் நாடகத்தில் புழங்கியமை தற்செயலானதன்று. சுவாமிகளின் சபை உண்மையிலேயே ஒரு பள்ளியைப்போல் இயங்கியது.

ஆசிரியர் ஓர் அடியைச் சொல்வார். சிறுவர் திருப்பிச் சொல்வர். பிறகு இரண்டடி, பிறகு முழுப்பாட்டு. சொற்களைப் பிரித்துக் கூறவும் சேர்த்துக் கூறவும் பழகுவர். லகர, ளகர, ழகர வேறுபாடு காதில் தெளிவாக விழ வேண்டும். ஏனெனில், ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைவரை சென்று சேர வேண்டியது நடிகரின் குரல் ஒன்றே. பொருள் விளங்காமல் சொன்னால் முகத்தில் மெய்ப்பாடு தோன்றாது. ஆதலால், பொருளையும் உடன் கற்க வேண்டியிருந்தது. தாளம் தவறினால் பாட்டுச் சிதையும். ஆதலால், கணக்கும் கைவந்தது. ஒருவன் பேசி முடித்த பின்னரே மற்றவன் பேச வேண்டும். ஆதலால், பிறர் சொல்வதைக் கூர்ந்து கேட்கும் பண்பும் வளர்ந்தது.

எழுத்தை அறியுமுன்பே இச்சிறுவர்கள் வெண்பாவையும் விருத்தத்தையும் தம் நாவில் ஏற்றிக்கொண்டனர். சுவாமிகள் தம் உரையாடல்களில் திருக்குறள் முதலான நீதிநூல்களின் கருத்துகளை நிரம்ப இழைத்திருந்தார். அரசனாகவோ அமைச்சனாகவோ முனிவனாகவோ நின்று அவற்றைப் பேசிய சிறுவனுக்கு அவை ஏட்டுச்சுரைக்காயாக அமையவில்லை. யாரிடம், எந்தச் சூழலில், எதற்காக அவ்வறத்தைச் சொல்கிறோம் என்று அறிந்து அவன் பேசினான். நாடகத்தின்வழிக் கற்பதன் தனிச்சிறப்பு இதுவே ஆகும்.

ஓர் இரவில் ஒரு நாடகம்

சுவாமிகள் எழுதும் விரைவு வியப்பிற்குரியது. கற்பனையும் யாப்பும் ஒருசேரப் பெருக்கெடுக்க, அடித்தல் திருத்தலின்றி எழுதிச் செல்வார். அபிமன்யு சுந்தரி என்னும் நாடகம் ஒரே இரவில் எழுதப்பெற்றது என்பது நாடக உலகம் நன்கறிந்த செய்தியாகும். சிறுவன் சண்முகத்தின் நினைவாற்றலையும் குரல்வளத்தையும் கண்டு மகிழ்ந்த சுவாமிகள், அவன் அபிமன்யுவாக நடிப்பதற்கென்றே அந்நாடகத்தைப் படைத்தார். மாலையில் எழுத அமர்ந்தவர் பொழுது புலர்வதற்குள் பாடல்களையும் உரையாடல்களையும் முடித்துவிட்டார்.

இந்நிகழ்ச்சியில் நாம் கருத வேண்டியது விரைவை மட்டுமன்று. மகாபாரதத்து அபிமன்யு சிறுவன். பெரியோர் வகுத்த போரில் தனியனாய்ச் சிக்கியவன். அவ்வேடத்தை முதிர்ந்த நடிகர் ஒருவர் ஏற்பதைவிடச் சிறுவனே ஏற்பது பொருத்தம் என்பதைச் சுவாமிகள் உணர்ந்திருந்தார். மாணவனின் திறனை முதலில் கண்டறிந்து, அதற்கேற்பப் பாடத்தை அமைப்பவரே நல்லாசிரியர். கல்வியியலார் பின்னாளில் வலியுறுத்திய இவ்வுண்மையை, கல்வியியல் நூல் எதனையும் சாராமல் சுவாமிகள் கடைப்பிடித்தார்.

நாடகங்கள் கற்பித்தவை

சுவாமிகள் 68 நாடகங்கள் வரை இயற்றினார் என்பர். அவற்றுள் சிலவே முழுமையாகக் கிடைக்கின்றன. வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் சரித்திரம், சதி சுலோசனா, சதி அனுசூயா, இலவகுசா, பிரகலாதன், சிறுத்தொண்டர், நல்லதங்காள் முதலானவை குறிப்பிடத்தக்கவை. வடமொழி மிருச்சகடிகத்தையும் சேக்சுபியரின் ரோமியோ ஜூலியட், சிம்பலைன் ஆகிய நாடகங்களையும் தழுவித் தமிழில் தந்தார்.

இவற்றுள் நல்லதங்காள் கதை நம் வட்டாரத்தோடு நெருங்கிய தொடர்புடையது. வத்திராயிருப்புக்கு அருகிலுள்ள அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் உண்டு. பஞ்சத்தால் வாடி, பிறந்தகம் தேடி வந்து, அண்ணியால் விரட்டப்பட்டுத் தன் ஏழு பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்து மாண்ட தாயின் கதை அது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சம் நிகழ்ந்தபோது சுவாமிகள் பத்து வயதளவில் இருந்தார். வானம் பார்த்த கரிசல் பூமியில் வாழ்ந்த மக்களுக்கு அக்கதை வெறும் பழங்கதையாக இராது. பசித்தவரைப் புறந்தள்ளுதல் எத்தகைய கேடு என்பதை அறிவுரையாகக் கூறாமல் கண்ணீராகக் கற்பித்தது அந்நாடகம்.

சிறுவர் உள்ளத்தில் நாடகம் ஆழப் பதியும் என்பதற்குக் காந்தியடிகளின் வாழ்வே சான்றாகும். இளமையில் கண்ட அரிச்சந்திரன் நாடகம் தம்மை விடாது தொடர்ந்ததையும், உண்மையின்பால் தம்மை ஈர்த்ததையும் அவர் தம் தன்வரலாற்றில் பதிவுசெய்துள்ளார்.

சுவாமிகள் மதுரையில் பாலர் சபையை நடத்திய அதே 1918ஆம் ஆண்டில், உருசிய நாட்டின் மாஸ்கோ நகரில் நத்தாலியா சாட்சு என்னும் இளம்பெண்ணின் முயற்சியால் சிறுவர்களுக்கான நாடக அரங்கு ஒன்று தோன்றியது. அங்கே சிறுவர்கள் பார்வையாளர்கள். இங்கே சிறுவர்களே நடிகர்கள். இவ்விரு முயற்சிகளும் ஒன்றையொன்று அறியாதவை. எனினும், சிறுவர்களை அரங்கின் நடுவே நிறுத்திப் பார்த்தன என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

பாலர் வாழ்வின் மறுபக்கம்

சுவாமிகளின் பணியைப் போற்றும்போது பாலர் குழுக்களில் வாழ்ந்த சிறுவர்களின் துன்பத்தை நாம் மறத்தல் ஆகாது. இரவு முழுவதும் நடித்து, விடிந்த பின் உறங்கி, நண்பகலில் எழுந்து மீண்டும் ஒத்திகைக்கு நிற்பது அவர்களின் அன்றாட வாழ்க்கை. தாய் முகம் காணாமல் மாதக்கணக்கில் ஊர் ஊராகச் செல்ல வேண்டும். மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 1876ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை அமைந்துவிட்டது. விருதுபட்டி என்று அன்று வழங்கிய விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி முதலிய ஊர்கள் அப்பாதையில் அமைந்தவை. திரைச்சீலைகளையும் உடைப்பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் குழுக்கள் பெயர்வதற்கு இத்தகைய இருப்புப்பாதைகள் பெரிதும் உதவின. பாடம் தவறினால் தண்டனை உண்டு. அக்காலத் திண்ணைப் பள்ளிகளைப்போலவே நாடகக் குழுக்களிலும் பிரம்பு ஆட்சி செலுத்தியது.

இவற்றினும் கொடியது குரல் உடைதல். இதனை நாடகக்காரர்கள் மகரக்கட்டு உடைதல் என்பர். பெண்வேடத்தையும் சிறுவர்களே ஏற்ற அக்குழுக்களில் இனிய குரலே ஒருவனின் முதல். பதின்மூன்று, பதினான்கு வயதில் இயற்கையாகக் குரல் மாறும்போது, நேற்றுவரை நாயகியாகப் பாராட்டப்பட்டவன் இன்று வேடமின்றி நிற்பான். குரல் திரும்பினால் மீண்டும் மேடை. திரும்பாவிடில் திரை இழுப்பதோ ஊர் திரும்புவதோதான் வழி. உடலின் வளர்ச்சியே ஒரு சிறுவனின் வாழ்வுக்கு இடையூறாக அமைந்த அவலம் அது.

சுவாமிகளின் மறைவிற்கு அடுத்த ஆண்டான 1923ஆம் ஆண்டில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் காலூன்றியது. அத்தொழிலும் நெடுங்காலம் சிறுவர்களின் உழைப்பைப் பயன்படுத்தியது. குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 1986ஆம் ஆண்டிலும், கட்டாய இலவசக் கல்வியைக் குழந்தைகளின் உரிமையாக்கிய சட்டம் 2009ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. இன்று சிறுவன் ஒருவன் மேடையேறுவது பசிக்காக இருத்தல் ஆகாது. கற்கும் மகிழ்ச்சிக்காக இருத்தல் வேண்டும். சுவாமிகள் பயன்படுத்திய கற்பித்தல் முறையை ஏற்கும் நாம், அச்சிறுவர்கள் கொடுக்க நேர்ந்த விலையை ஏற்க வேண்டியதில்லை.

எனினும் ஒன்று உறுதி. வேறு எந்தக் கல்வி நிலையமும் ஏற்க முன்வராத பிள்ளைகளை அம்மேடை ஏற்றது. கூத்தாடி என்று இகழப்பட்டவர்களின் நாவில் பிழையற்ற தமிழை அது ஏற்றி, கற்றோரும் வியந்து கேட்கும்படி செய்தது.

இறுதிக்காலம்

1921ஆம் ஆண்டில் சுவாமிகளை வாதநோய் தாக்கியது. கை, கால்கள் செயலிழந்தன, பேச்சும் தடைப்பட்டது. ஆயிரக்கணக்கான பாடல்களை எழுதிய கை அசையாது போயிற்று. எத்தனையோ சிறுவர்களுக்கு அடியெடுத்துக் கொடுத்த நா அடங்கிற்று. தாம் கற்பித்த பாடங்களைத் தம் மாணவர்கள் பேசக் கேட்டிருப்பதே அவருக்கு எஞ்சிய வாழ்வாயிற்று. ஓராண்டுக்கு மேல் நோயோடு வாழ்ந்த அவர், 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் இயற்கை எய்தினார். அங்குள்ள கருவடிக்குப்பத்தில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது. மதுரை, புதுக்கோட்டை முதலிய ஊர்களின் நாடகக் கலைஞர்கள் ஆண்டுதோறும் அவருக்குக் குருபூசை நடத்தி வருகின்றனர்.

அவர் விட்டுச்சென்ற செல்வம்

சொத்தோ சுற்றமோ சேர்க்காத சுவாமிகள் விட்டுச்சென்ற செல்வம் மாணவர்களே. டி.கே.எஸ். சகோதரர்கள் 1925ஆம் ஆண்டில் ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தொடங்கி, தமிழ் நாடகத்தைப் புதிய காலத்திற்கு இட்டுச் சென்றனர். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அச்சபையில் வளர்ந்தவர். ஔவையாராக வேடம் புனைந்து அழியாப் புகழ்பெற்ற டி.கே. சண்முகம், தம் பெயரோடு ஔவை என்னும் அடைமொழியையும் பெற்றார். தம் ஆசிரியரைத் தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றி அவர் நூலும் எழுதினார். பள்ளித் தலைமையாசிரியரைக் குறிக்கும் சொல்லால் நாடக ஆசிரியரைச் சுட்டியது எத்துணைப் பொருத்தம்!

சிவகாசியில் பிறந்த தியாகி விசுவநாததாஸ், நாடக மேடையை நாட்டு விடுதலைக்குரிய களமாக்கினார். முருகனாக நின்று பாடும்போதே விடுதலைப் பாடல்களையும் இணைத்துப் பாடிப் பலமுறை சிறை சென்றார். 1940ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் சென்னையில் வள்ளி திருமணம் நாடகத்தில், மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்த நிலையிலேயே அவர் உயிர் பிரிந்தது. சுவாமிகள் அறத்தைக் கற்பிக்க அமைத்த மேடை, விடுதலையைக் கற்பிக்கவும் பயன்பட்டது.

1990களில் அறிவொளி இயக்கத்தின் கலைக்குழுக்கள் தமிழகத்தின் ஊர்கள்தோறும் சென்று, வீதி நாடகங்களின்வழி எழுத்தறிவின் தேவையை உணர்த்தின. அங்கே திரைச்சீலை இல்லை, ஒப்பனை இல்லை, ஆனால் பாட்டும் உரையாடலும் இருந்தன. இன்று பள்ளி வளாகத்தில் மரத்தடியில் மாணவர்கள் வட்டமாக அமர, குடிநீரைப் பற்றியோ தொற்றுநோயைப் பற்றியோ பட்டாசு விபத்தைத் தவிர்ப்பது பற்றியோ ஒரு குழு நடித்துக் காட்டும்போது அம்மரபு தொடர்கிறது. பாடநூலின் ஒரு பகுதியை மாணவர்களே நாடகமாக்கி நடிக்கும்போது அது முழுமை பெறுகிறது.

சுவாமிகள் மறைந்த புதுச்சேரியில், பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. மேடையைப் பள்ளியாக்கியவரின் பெயரை ஒரு பள்ளி தாங்கி நிற்பது தகுதியான சிறப்பே ஆகும். மரத்தடி அரங்காயினும் பல்கலைக்கழக அரங்காயினும், ஒரு மாணவர் தயக்கம் நீங்கிப் பலர் முன்னிலையில் தெளிந்த தமிழில் வாய்திறக்கும் நொடியில் சுவாமிகள் தொடங்கிய பணி மீண்டும் தொடங்குகிறது.

தெரியுமா?

1965ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரிலுள்ள பெல்கிரேடு அரங்கத்தின் நடிகர்கள் பள்ளிகளுக்கே சென்று, மாணவர்களையும் பங்கேற்கச் செய்து நாடகம் நடத்தத் தொடங்கினர். கல்வியில் அரங்கு என்னும் முறை உலகின் பல நாடுகளுக்குப் பரவுவதற்கு இம்முயற்சி வழிவகுத்தது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நடைபெறும் கோயில் விழாக்களில் நாடகம் நடத்தும் கலைஞர் ஒருவரைச் சந்தித்து, அவர் பாடம் கற்ற முறையைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. உங்கள் பாடநூலில் உள்ள கதைப்பகுதி ஒன்றைப் பத்து நிமிட நாடகமாக மாற்றி, கீழ்வகுப்பு மாணவர்களுக்கு நடித்துக் காட்டுக. நடித்த பின்னர் அவர்கள் எதனைப் புரிந்துகொண்டனர் என்பதைக் கேட்டுத் தொகுக்க.

3. பாலர் நாடகக் குழுக்கள் சிறுவர்களுக்கு நன்மை செய்தனவா, தீமை செய்தனவா என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.